மேபல் டீச்சரின் சுமேரிய விளையாட்டு

கணினி விளையாட்டு என்றாலே பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்க வந்தது என்றுதான் நம் வீடுகளில் பேச்சு. ஆனால் அந்த விளையாட்டுகளின் ஆதி காலத்தில், 1964-லேயே, அவற்றில் ஒன்றை எழுதியவர் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. எழுதியதும் பாடம் நடத்துவதற்காகவே. அவர் பெயர் மேபல் ஆடிஸ். நியூயார்க் மாநிலத்தில் கட்டோனா என்ற ஊரில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். வரலாற்று ஆசிரியையாகவே காலத்தைக் கழித்த எனக்கு இந்தப் பெயர் பணி ஓய்வுக்குப் பிறகுதான் தெரியவந்தது. தெரிந்த நாள் முதல் யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெஸ்ட்செஸ்டர் வட்டாரப் பள்ளிகளின் கூட்டுக் கல்விச் சேவை வாரியமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து 1962-இல் ஆசிரியர்களை அழைத்துப் பேசின. கணினியை வகுப்பில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பண்டைய சுமேரியாவை விளையாட்டாக்கலாம் என்று யோசனை சொன்னவர் ஐபிஎம்மில் இருந்த புரூஸ் மான்கிரீஃப். கிரேக்கர்களுக்கு முந்தைய நாகரிகங்களைப் பள்ளிகள் கண்டுகொள்வதே இல்லை என்ற குறை அவருக்கு இருந்தது. அந்த யோசனையைக் கையில் வாங்கி, கதையும் பாடமுமாக வளர்த்தெடுத்தவர் மேபல். அமெரிக்க அரசின் கல்வி அலுவலகம் நிதி கொடுத்தது. ஐபிஎம்மின் வில்லியம் மெக்கே நிரல் எழுதினார்.

இன்றைய பிள்ளைகளுக்கு இதை விளக்குவது கொஞ்சம் சிரமம். திரை கிடையாது, படம் ஓடாது. தொலைபேசிக் கம்பி வழியாக ஒரு பெரிய ஐபிஎம் 7090 கணினியோடு இணைத்த தட்டச்சுப் பொறி ஒன்று. அதன் முன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. அந்தப் பிள்ளைதான் லகாஷ் நகரத்தின் மன்னன் லுடுகா. அரண்மனைக் காரியக்காரர் காகிதத்தில் கணக்கு ஒப்பிப்பார்: இந்தப் பருவத்தில் விளைந்தது இவ்வளவு, குடிமக்கள் இத்தனை பேர், களஞ்சியத்தில் இருப்பு இவ்வளவு. மக்களுக்கு உணவாக எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, சேமிப்புக்கு எவ்வளவு என்று மன்னன் எண்களைத் தட்ட வேண்டும். கை இறுகினால் சனம் பட்டினி. தாராளம் காட்டினால் அடுத்த விதைப்புக்குத் தானியம் இருக்காது. இடையில் வெள்ளம் வரும், தீப்பிடிக்கும். வேளாண்மையில் தேறிய பிள்ளை அடுத்த தலைமுறை மன்னனாகிக் கைத்தொழில்களைக் கவனிக்கும். அதற்கும் அடுத்த தலைமுறையில் பிற நகரங்களோடு வாணிபம். 1966-இல் திருத்தி அமைத்தபோது ஒளிப்பட வில்லைகளையும் ஒலிநாடாவில் பதிந்த பேச்சையும் மேபல் சேர்த்தார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. சுமேரியர்கள் கால்வாய் வெட்டினார்கள், ஆப்பு வடிவ எழுத்தை உருவாக்கினார்கள் என்று பாடப்புத்தகம் இரண்டு வரி சொல்லும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து விடைத்தாளில் இறக்கிவைப்பார்கள். எழுத்து ஏன் அங்கே, அப்போது தேவைப்பட்டது? களஞ்சியத்துக்குள் வந்ததும் போனதும் யாருக்காவது நினைவிருக்க வேண்டியிருந்தது. களிமண் பலகைகளில் மிகப் பழையவை பெரும்பாலும் தானியக் கணக்கும் ஆட்டுக் கணக்கும்தான். களஞ்சியத்தைக் கட்டிக் காக்கிற பொறுப்பை ஒரு மணி நேரம் சுமந்து பார்த்த பிள்ளைக்கு அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேபல் பாடத்தின் மேல் விளையாட்டைப் பூசவில்லை. சுமேரிய மன்னன் எடுத்திருக்கக்கூடிய முடிவுகளையே பிள்ளை எடுக்கும்படி செய்தார். இந்தத் தெளிவு கணினி தெரிந்தவருக்கு வராது, வகுப்பில் நின்றவருக்கே வரும். அவர் தாம் பணியாற்றிய கட்டோனாவின் வரலாற்றை இன்னொருவரோடு சேர்ந்து நூலாக எழுதியவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. இப்படி ஒரு விளையாட்டு இருப்பதாகக் கேள்விப்பட்ட டக் டைமென்ட் என்பவர், 1968-இல் டிஇசி நிறுவனத்தின் சிறிய கணினியில் ஓடும்படி தாமாகவே ஒரு சுருக்கமான வடிவம் எழுதினார். டேவிட் ஆல் என்பவர் அதை பேசிக் என்ற நிரல் மொழிக்கு மாற்றி, 1973-இல் வந்த தம் கணினி விளையாட்டுப் புத்தகத்தில் 'ஹமுராபி' என்ற பெயரில் அச்சிட்டார். பின்னால் வந்த அதன் திருத்திய பதிப்பு பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. 100 குடிமக்கள், 1,000 ஏக்கர் நிலம், 2,800 மரக்கால் தானியம், 10 ஆண்டு ஆட்சி. வீட்டுக் கணினி வாங்கிய அத்தனை பேரும் தட்டிப் பார்த்த விளையாட்டு அது. நகரம் கட்டி ஆளும் இன்றைய விளையாட்டுகளுக்கெல்லாம் மூதாதை என்று அதைச் சொல்வார்கள். ஹம்முராபியோ பாபிலோனின் அரசன். லகாஷ் செழித்த காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவன். சுமேரியா போயிற்று, கைத்தொழிலும் வாணிபமும் போயின, படமும் பேச்சும் போயின. எண்கள் மட்டும் தங்கின. டீச்சரின் பெயரும் போயிற்று.

எனக்கே இந்த விளையாட்டு ஹமுராபி வழியாகத்தான் வந்தது. எங்கள் பள்ளியில் கணினி பாடம் எடுத்த தம்பி ஒருவர் அந்த நிரலைக் காட்டினார். ஆய்வகத்தில் பாதிக் கணினிகள் ஓடாது என்பதால் நான் அதைக் கரும்பலகைக்கு மாற்றிக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்பில் பண்டைய நாகரிகங்கள் பாடம். பெஞ்சுக்கு ஒரு நகரம், தானியத்துக்குப் புளியங்கொட்டை, மழைக்கும் வெள்ளத்துக்கும் தாயக்கட்டை. நகரத்துக்கு ஒரு கணக்குப்பிள்ளை உண்டு. எழுதத் தயங்குகிற பிள்ளையாகப் பார்த்து அந்த வேலையைக் கொடுப்பேன். ஒரு பெஞ்சில் பையன்கள் களஞ்சியம் முழுவதையும் சனங்களுக்குப் பங்கு போடப் பார்த்தார்கள். கூட இருந்த பெண் புளியங்கொட்டையைக் கையால் மூடிக்கொண்டாள். "விதைநெல்ல எடுத்துத் தின்னுட்டா அடுத்த வருசம் எதைடா விதைப்பீங்க? டீச்சர், இவனுங்ககிட்ட சொல்லுங்க டீச்சர்!" நான் சொல்லவில்லை. அடுத்த சுற்றில் தாயக்கட்டையே சொன்னது. அந்தப் பெண்ணின் வீட்டில் நிலம் இருந்தது. மெசபடோமியாவைப் பற்றி அந்த வகுப்பில் அதிகம் தெரிந்தவள் அவள்தான் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது.

மேபலின் விளையாட்டைப் போலவே வகுப்பறைக்காகப் பிறந்த இன்னொன்றுக்கு மினசோட்டா மாநிலத்தில் நடந்தது கொஞ்சம் நல்லபடியாக முடிந்த கதை. 1971-இல் மினியாபொலிஸ் நகரப் பள்ளி ஒன்றில் டான் ராவிட்ச் பயிற்சி ஆசிரியர். 19-ஆம் நூற்றாண்டில் மாட்டு வண்டிகளில் சுமார் 2,000 மைல் மேற்கே ஒரிகன் வரை குடிபெயர்ந்தவர்களைப் பற்றி எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க வேண்டும். பெரிய காகிதத்தில் வழித்தட வரைபடம், அட்டைகள், பகடை என்று அறைத்தரையில் பரப்பி வைத்திருந்தார். கூடத் தங்கியிருந்த பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் இருவரும் கணித ஆசிரியர் பயிற்சியில் இருந்தவர்கள். இதைக் கணினியில் செய்யலாமே என்றார்கள். இரண்டு வாரத்துக்குள் எழுதி முடித்தார்கள். டிசம்பர் 3 அன்று வகுப்பில் பிள்ளைகள் விளையாடினார்கள். இங்கும் திரை இல்லை, காகிதத்தில் அச்சடிக்கும் தொலைத்தட்டச்சுதான். கை வேகமான பிள்ளை வேட்டைக்கு, கணக்கு நன்றாக வருகிற பிள்ளை செலவுக்கு, இன்னொன்று வரைபடத்துக்கு என்று அவர்களே வேலையைப் பிரித்துக்கொண்டார்களாம். நல்ல விளையாட்டுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பருவம் முடிந்தது. ராவிட்ச் நிரலைக் காகிதத்தில் அச்சடித்து எடுத்துக்கொண்டு கணினியிலிருந்து அழித்துவிட்டார். மாநில அரசு 1973-இல் பள்ளிகளுக்கென்று தொடங்கிய கணினிக் கூட்டமைப்பான மெக்கில் மறு வருடம் வேலைக்குச் சேர்ந்தவர், அந்தத் தாள்களைப் பார்த்து மறுபடி முழுவதையும் தட்டச்சு செய்தார். பயணம் போனவர்களின் நாட்குறிப்புகளைப் படித்து, நோய் எவ்வளவு அடிக்கடி வந்தது, வானிலை எங்கே கெட்டது, தண்ணீர் எங்கே கிடைக்கவில்லை என்று பார்த்து, விளையாட்டில் அவை நேரும் வாய்ப்பையும் அதற்கேற்ப மாற்றினார். அந்தப் பயணிகளுக்கு வழியில் பூர்வகுடிகள் பெரும்பாலும் உதவியே செய்தார்கள் என்பதும் நாட்குறிப்புகளில் தெரிந்தது, அதையும் சேர்த்தார். மாநிலம் முழுவதும் பிள்ளைகள் 'ஒரிகன் டிரெயில்' ஆடினார்கள். பிறகு ஆப்பிள் கணினிகள் பள்ளிகளுக்கு வந்தன, 1985-இல் படங்களோடு புதிய வடிவம் வந்தது, நாடே ஆடியது. 1990-களில் மெக் தனியார் கைக்குப் போய், விலைபேசப்பட்டு, 1999-இல் மூடப்பட்டது. எழுதிய மூவருக்கும் உரிமைத்தொகை எதுவும் வரவில்லை.

அது குறையே இல்லாத விளையாட்டு என்று நான் சொல்ல மாட்டேன். வண்டியில் போனவரின் கண்ணால்தான் அது நாட்டைப் பார்த்தது. அந்த நிலம் யாருடையது என்ற கேள்விக்கு அதில் இடம் இல்லை. 2021-இல் கேம்லாஃப்ட் நிறுவனம் புதிய வடிவம் செய்தபோதுதான் பூர்வகுடி வரலாற்று அறிஞர்களை உடன் வைத்துக்கொண்டார்கள். ஐம்பது ஆண்டு தாமதம்.

இன்று கல்விச் செயலி என்று நம் பிள்ளைகளின் கையில் இருப்பவற்றை எடுத்துப் பார்க்கிறேன். சரியான விடையைத் தொட்டால் மணி அடிக்கிறது, நட்சத்திரம் விழுகிறது. வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. அதிலும் பயன் உண்டுதான். ஆனால் மேபலும் ராவிட்சும் செய்தது இது இல்லை. அவர்கள் பிள்ளையிடம் ஒரு நாட்டையோ ஒரு வண்டியையோ ஒப்படைத்தார்கள்.

மேபலுக்கு 2023-இல் விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில் முன்னோடி விருது அறிவித்தார்கள். அவர் மறைந்து ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய விளையாட்டின் நிரல் இன்று எங்குமே இல்லை. அந்தக் காலத் திட்ட அறிக்கைகள், சில அச்சுத் தாள்கள் போன்றவையே எஞ்சியிருக்கின்றன. ராவிட்சின் விளையாட்டு பிழைத்தது, அவர் வீட்டில் அந்தக் காகிதச் சுருளைப் போட்டுவைத்திருந்ததால்.

நம் பள்ளிகளிலும் இந்த வேலையைச் செய்கிற ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பல்லாங்குழியில் பெருக்கல், சோழியில் நிகழ்தகவு, பரமபத அட்டையில் விடுதலைப் போராட்டம் என்று டி.எல்.எம். எனப்படும் கற்பித்தல் துணைக்கருவிக் கண்காட்சிகளில் பார்த்திருக்கிறேன். கண்காட்சி முடிந்ததும் அட்டை பீரோவின் மேல் ஏறும். பணிமாறுதல் ஆணை வந்தால் அதுவும் இல்லை. தம்பி, தங்கைகளே, உங்கள் விளையாட்டை எழுதிவையுங்கள். எந்த வகுப்புக்கு, எந்தப் பாடத்துக்கு, விதிகள் என்ன, எந்த இடத்தில் பிள்ளைகள் திணறினார்கள், எதை மாற்றினீர்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரு படியைப் பள்ளி நூலகத்தில் கொடுங்கள், இன்னொன்றைப் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்புங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுத மறக்காதீர்கள்.