மூன்றே தடவைகள் நடந்த ஒன்பது மணிநேரப் பந்தயம்

இரண்டாம் உலக மகா யுத்தத்தைப் படிப்பிக்கும்போது நாம் 1945 உடன் நிறுத்திவிடுகிறோம். யுத்தம் முடிந்த பிறகு அந்த விமானத் தளங்களுக்கெல்லாம் என்ன நடந்தது என்று பிள்ளைகளும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. இன்று அப்படியொரு தளத்தின் கதையைப் பார்ப்போம்.

இங்கிலாந்தின் தென்பகுதியில் சிசெஸ்டர் நகருக்குப் பக்கத்தில் ரிச்மண்ட் பிரபுவின் குட்வுட் காணி இருக்கிறது. யுத்த காலத்தில் அதன் ஒரு பகுதியில் வெஸ்ட்ஹாம்ப்நெட் என்ற போர் விமானத் தளம் இயங்கியது. இரண்டு கால்களையும் இழந்தும் போர் விமானம் ஓட்டிய டக்ளஸ் பேடர், 1941 ஓகஸ்ட்டில் ஜேர்மனியரிடம் சிறைப்பட்ட அன்று புறப்பட்டதும் இங்கிருந்துதான். விமானங்கள் நகர்வதற்காகத் தளத்தைச் சுற்றி ஒரு பாதை போட்டிருந்தார்கள். நீளம் ஏறத்தாழ 2.4 மைல். அதில் கார் ஓட்டிப் பார்த்த அவுஸ்திரேலிய விமானி டோனி கேஸ், இங்கே பந்தயம் எப்போது வைக்கப் போகிறீர்கள் என்று பிரபுவைக் கேட்டாராம். பிரபுவும் பழைய பந்தய ஓட்டுநர். 1948 செப்டெம்பர் 18 இல் முதல் பந்தயம் நடந்தது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. யுத்தத்துக்கு முன் பந்தயம் நடந்த புரூக்லண்ட்ஸ் விமானத் தொழிற்சாலைக்கு விற்கப்பட்டுவிட்டது. டொனிங்டனில் இராணுவ வாகனங்கள் நின்றன. மிச்சமிருந்தவை வெறிச்சோடிய விமானத் தளங்கள்தான். சில்வர்ஸ்டனும் அப்படி வந்ததே. நமது களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தவிலும் யுத்தகால ஓடுதளத்தில்தானே கார்கள் ஓடின!

பிரான்ஸில் லெ மான் 24 மணிநேரப் பந்தயம் இரவிலும் ஓடும். பிரித்தானியாவில் அதற்கு வழியிருக்கவில்லை. சத்தம் தாங்க முடியாது என்று அயலவர்கள் எதிர்த்ததால், 1929 இல் புரூக்லண்ட்ஸில் 24 மணிநேரத்தைப் பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு பகலுக்குப் பிரித்து நடத்தினார்கள். ஆகவே, பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு 12 மணிக்கு முடியும் பந்தயமொன்றை குட்வுட்டில் 1952 ஓகஸ்ட் 16 இல் வைத்தது அங்கே பெரிய புதினம். பணம் போட்டது ஒரு ஞாயிறு பத்திரிகை. நாட்டின் நிலைமையையும் கவனியுங்கள். யுத்தம் முடிந்து ஏழு வருடமாகியும் தேயிலை இன்னும் கூப்பனுக்குத்தான். அந்தப் பங்கீடு நீங்கியது அதே வருடம் ஒக்டோபரில்.

அன்று வேகத்தில் ஜகுவார்தான் முன்னால். ஆனால் பின் அச்சுப் பக்கம் பழுதாகி, ஸ்டேர்லிங் மொஸ்ஸின் கார் நீண்ட நேரம் நிற்க வேண்டியதாயிற்று. அஸ்டன் மார்ட்டினுக்கு நேர்ந்தது அதைவிடப் பயங்கரம். ரெஜ் பார்னலின் கார் பெற்றோல் நிரப்ப நின்றபோது தீப்பிடித்தது. அணியின் முகாமையாளர் ஜோன் வையரும் இரண்டு மெக்கானிக்குகளும் எரிகாயமடைந்தார்கள். வையரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக, தன் காரை இழந்த பார்னலே அணியைக் கொண்டு நடத்தினார். மிஞ்சியிருந்த கார்களில் ஒன்றை ஓட்டிய பீட்டர் கொலின்ஸும் பட் கிரிபித்தும் நள்ளிரவில் வென்றார்கள். பந்தயத்தின் முழு வரலாற்றிலும் நாம் முதலில் சொல்ல வேண்டியது இந்த இரவைத்தான்.

1953 இல் ஜகுவார் லெ மானில் வென்ற கையோடு வந்தது. நன்றாக முன்னால் ஓடி, கடைசிப் பகுதியில் எஞ்சின் ஒயில் அழுத்தம் விழுந்து விலகியது. பார்னலும் எரிக் தொம்சனும் முதலிடம், கொலின்ஸும் கிரிபித்தும் இரண்டாமிடம். இரண்டுமே அஸ்டன் மார்ட்டின். வேகத்தை மட்டும் பார்த்தால் ஜகுவாருக்குக் கிடைக்க வேண்டிய வெற்றிகள்தான் இவை. ஆனால் ஒன்பது மணிநேரம் தாக்குப்பிடிப்பதல்லவா போட்டி?

1954 இல் நடக்கவில்லை. 1955 ஓகஸ்ட் 20 இல் மீண்டும் நடந்தபோது நிலைமையே வேறு. அந்த ஜூன் மாதம்தான் லெ மானில் ஒரு கார் சனங்களுக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். சுவிட்சர்லாந்து சுற்றுப்பாதைப் பந்தயத்தையே தடை செய்தது. குட்வுட்டில் பந்தயம் நடந்தது. பீட்டர் வோக்கரும் டெனிஸ் பூரும் மூன்றாவது தடவையாக அஸ்டன் மார்ட்டினுக்கே வெற்றியைக் கொடுத்தார்கள். ஒரு ஸ்கொட்லாந்து அணியின் ஜகுவார் இரண்டாவது. அதோடு சரி, ஒன்பது மணிநேரப் பந்தயம் அதன் பிறகு வைக்கப்படவேயில்லை.

ஆனால் நெருப்பு அந்த இடத்தை விடவில்லை. 1959 செப்டெம்பரில் அதே குட்வுட்டில், இம்முறை ஆறு மணிநேரப் பந்தயம். உலகச் சம்பியன் பட்டம் யாருக்கு என்பது அன்றுதான் முடிவாகும். ரோய் சல்வடோரி ஓட்டிவந்த அஸ்டன் மார்ட்டினுக்குப் பெற்றோல் நிரப்பும்போது சிந்திய எரிபொருள் பற்றிக்கொண்டது. அவருடைய உடையும் எரிந்தது. புல்லில் உருண்டு தப்பினார். அணியின் முகாமையாளராக அங்கே நின்றவர் யார் தெரியுமா? ஏழு வருடங்களுக்கு முன் வையரின் இடத்தை நிரப்பிய அதே ரெஜ் பார்னல். பெற்றோல் நிரப்பும் இடம் கருகிப்போனதால், தனியாராக ஓடிய கிரஹாம் வைட்ஹெட் தனது அஸ்டன் மார்ட்டினைப் பந்தயத்திலிருந்து விலக்கி, தன் இடத்தை அவர்களுக்குக் கொடுத்தார். மொஸ் இன்னொரு காருக்கு மாறி ஓட்டி வென்றார். பட்டமும் அஸ்டன் மார்ட்டினுக்கே கிடைத்தது.

1966 இல் அந்தப் பாதை பந்தயங்களுக்கு மூடப்பட்டு, பிரபுவின் பேரன் 1998 செப்டெம்பர் 18 இல், முதல் பந்தயத்துக்குச் சரியாக ஐம்பது வருடம் கழித்து, பழைய கார்களுக்காக மீண்டும் திறந்துவைத்தார்.