லினக்ஸ் பொதிகள்: பிறர் எழுதிய நிரல்களைச் சார்ந்திருப்பது எப்படி?

உபுந்து, டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் மென்பொருள்கள் ‘பொதி’களாக வழங்கப்படுகின்றன. பெரும்பாலான பொதிகளுக்குப் பிறர் எழுதிய வேறு பொதிகளின் துணை தேவை. இதுவே ‘சார்பு’ எனப்படுகிறது.

தமிழ்த் தட்டச்சில்

உபுந்துவில் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்வதை எடுத்துக்கொள்வோம். விசைகளை வாங்குவது ஐபஸ். தமிழ்99 விசை அமைப்பு எம்17என் என்ற தரவுத் தொகுப்பில் இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் வைப்பது ஹார்ஃப்பஸ். வடிவம் தருவது லோகித் தமிழ் போன்ற எழுத்துரு. இவை வெவ்வேறு குழுக்களின் உழைப்பு.

பீப்பாயா, பொதுத் தொட்டியா?

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வீட்டுக்கு வீடு தண்ணீர்ப் பீப்பாய் இருந்தால் ஒவ்வொன்றையும் கழுவ வேண்டும். பொதுத் தொட்டி என்றால் ஒன்றைக் கழுவினால் போதும். ஆனால் அது கெட்டால் லயம் முழுவதும் பாதிக்கப்படும்.

டெபியன் விதிகள் பொதுத் தொட்டி முறையையே விரும்புகின்றன. ஒரே நிரலைப் பல பொதிகளுக்குள் நகலெடுத்து வைக்காமல், தனிப் பொதியாக்கிப் பகிர வேண்டும். எந்தப் பொதி, எந்தப் பதிப்பு தேவை என்பதைப் பொதி தயாரிப்பவர் ‘கண்ட்ரோல்’ கோப்பில் எழுதுகிறார். ஸ்னாப், பிளாட்பேக் முறைகளில் பல சார்புகள் செயலியுடனேயே வருகின்றன. அவற்றைப் புதுப்பிப்பது வெளியிடுபவரின் பொறுப்பு.

2024 தந்த எச்சரிக்கை

கோப்புகளைச் சுருக்க உதவும் ‘எக்ஸ்இசட்’ நிரலை நெடுங்காலம் பராமரித்தவர் லாஸே கொலின் என்ற தன்னார்வலர். ‘ஜியா தான்’ என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உதவி செய்து நம்பிக்கை பெற்றார். பின்னர் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இரகசியப் பின்வாசல் நுழைந்தது.

தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் நேரடியாக எக்ஸ்இசட்டைச் சார்ந்ததல்ல. டெபியன், ஃபெடோரா போன்றவை அதைச் சிஸ்டம்டியுடன் இணைத்திருந்தன. சிஸ்டம்டி வழியாக எக்ஸ்இசட்டும் உள்ளே வந்தது. நுழைவு சுமார் அரை வினாடி தாமதமாவதைக் கவனித்த பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், மார்ச் 29-இல் உண்மையை வெளியிட்டார். டெபியனின் நிலையான பதிப்பை இது எட்டவில்லை.

பயனர்கள் செய்யக்கூடியவை

• இயங்குதளத்தின் அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்தே பொதிகளை நிறுவுங்கள்.
• பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள்.
• அன்றாட வேலைக்கு நிலையான பதிப்பையே பயன்படுத்துங்கள்.
• நிரல் எழுதுவோர், தேவையற்ற சார்புகளைத் தவிர்ப்பதோடு, தாங்கள் சார்ந்திருக்கும் நிரலைப் பராமரிப்பவருக்கும் கைகொடுக்க வேண்டும். பொதுத் தொட்டியைக் காக்கும் பொறுப்பை ஒருவர் தலையிலேயே விட்டுவிடக் கூடாது.