லாரியின் வெற்று எடை: மேட்டூர்–சங்ககிரி–நாமக்கல் வட்டாரம்

சரக்கு ஏற்றாத லாரி எடைமேடையில் காட்டும் எடையே வெற்று எடை. சட்டம் அனுமதிக்கும் மொத்த எடையில் இதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் ஏற்றக்கூடிய சுமை. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது: நான்கு டயர் அச்சுக்கு 10.2 டன் என்பது 11.5 ஆனது, இரட்டை அச்சுக்கு 19 டன் என்பது 21 ஆனது, டிரெய்லருக்கான உச்ச வரம்பு 49 டன்னிலிருந்து 55 ஆனது. இதன்பின் வண்டியின் எடையைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. வரம்பு எல்லாருக்கும் சேர்ந்தே கூடியது. டன் கணக்கில் வாடகை வாங்கும் இரண்டு லாரிகளில் அரை டன் கனமானது, நடைக்கு நடை அரை டன் வாடகையை விட்டுக்கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். ஆனால் இந்தக் கணக்கு எல்லாச் சரக்குக்கும் செல்லாது. மேட்டூர் அனல் மின் நிலையத்துச் சாம்பல், பொட்டனேரி இரும்புக் கம்பி, சங்ககிரி சிமெண்ட் ஆகியவற்றில் இடம் நிறையும் முன்பே எடை நிறைந்துவிடும். நாமக்கல் முட்டையில் இடம்தான் முதலில் தீரும். அங்கே வண்டியை இளைக்கவைத்தால் டீசலில் கொஞ்சம் மிச்சம், அவ்வளவுதான். ஆகவே எந்த உலோகம் என்பதற்கு முன் எந்த லோடு என்று கேட்க வேண்டும்.

எடை பெரும்பாலும் கூடுவது பட்டறையில் அல்ல, சேஸிக்கு ஆர்டர் கொடுக்கும்போதே. மாநிலத்துக்கு மாநிலம் டீசல் விலை மாறுவதால் வடக்கே ஓடும் வண்டிக்குப் பெரிய டேங்க் லாபம். 400 லிட்டர் டீசல் ஏறக்குறைய 330 கிலோ. எடப்பாடி வழியே சங்ககிரிக்குச் சாம்பல் கொண்டுபோய்த் திரும்பும் பல்கர் எனும் தொட்டி லாரிக்கு அது வீண் சுமை. படுக்கை வசதியுள்ள கேபினும் அப்படித்தான், இரவு தங்காத வண்டிக்குத் தேவையில்லை. அடுத்தது பாடி. 24 அடி நீளம், 8 அடி அகலத் தரைக்கு 4 மி.மீ. இரும்புத் தகடு போட்டால் சுமார் 560 கிலோ, 3 மி.மீ. போட்டால் 420 கிலோ. தரையில் மட்டுமே 140 கிலோ வித்தியாசம். திருச்செங்கோடு, நாமக்கல் பட்டறைகளில் கனத்த தகடு கேட்கும் வழக்கம் ஓவர்லோடு காலத்தின் மிச்சம் என்றே சொல்ல வேண்டும். அன்று அது நியாயமான கோரிக்கைதான். 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஓவர்லோடுக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதித்தபின் அந்த நியாயம் போய்விட்டது. மெல்லிய தகடு கிழியாதா என்றால், ஜல்லியும் பாறையும் கொட்டும் டிப்பரில் கிழியும், அங்கே கனம் வேண்டும். மூட்டை ஏற்றும் வண்டியில், உறுதி கூடிய எஃகில் 3 மி.மீ. போட்டு, கீழே குறுக்குச் சட்டங்களைச் சரியான இடைவெளியில் வைத்தால் போதும்.

அலுமினியம் இரும்பின் மூன்றில் ஒரு பங்கு எடைதான். ஆனால் விறைப்பும் அதே விகிதத்தில் குறைவு என்பதால் தடிமனைக் கூட்ட வேண்டியிருக்கிறது, லாபம் காகிதத்தில் தெரியும் அளவுக்கு வராது. கீறல் விட்டால் ஆர்கான் வெல்டிங் தெரிந்த ஆள் வேண்டும், சாலையோரப் பட்டறை எல்லாவற்றிலும் அவர் இருக்கமாட்டார். (1965 முதல் அலுமினியம் உருக்கிய மால்கோ ஆலை மேட்டூரிலேயே இருந்தும், 2008இல் உருக்குவது நிற்கும்வரை இந்த வட்டாரத்து லாரி பாடி இரும்பாகவே இருந்தது.) ஒரே வழித்தடத்தில் ஏற்றி இறக்கும் பல்கருக்கு மட்டும் அலுமினியத் தொட்டி கட்டுப்படியாகும். அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் இன்னொரு வழி, இரட்டை டயருக்குப் பதில் அகலமான ஒற்றை டயர். நம் விதியில் அச்சின் வரம்பே டயர் எண்ணிக்கையைப் பொறுத்தது: இரண்டு டயர் அச்சுக்கு 7 டன்தான். சில கிலோவை மிச்சம்பிடிக்கப் போய் நாலரை டன் உரிமையை இழக்க நேரும்.

எடையைக் குறைக்கப் போய்ப் பிரேக்கில் கை வைக்கக் கூடாது. மேட்டூரிலிருந்து தர்மபுரி போகும் வண்டிகள் தொப்பூர் வழியாகத் திரும்புகின்றன. அந்தக் கணவாய் இறக்கத்தில் லாரிகள் கட்டுப்பாடு இழப்பது புதிதல்ல. எஞ்சின் பிரேக்கின் எடையைச் செலவுக் கணக்கில் எழுதவே வேண்டாம். லிஃப்ட் அச்சு எடையைக் கூட்டினாலும், வெறும் வண்டியாகத் திரும்பும்போது டயரைக் காப்பாற்றுவதால் திரும்பு லோடு கிடைக்காத வழித்தடத்தில் ஏற்கலாம். வண்டி தெருவுக்கு வந்தபின் கருவிப் பெட்டி, கேரியர், கூடுதல் ஸ்டெப்னி என்று ஏறிக்கொண்டே போகும். ஆர்.சி. புத்தகத்து வெற்று எடையை நம்பி லோடு பிடிப்பவர், டேங்க் நிரப்பிய வண்டியை ஆண்டுக்கு ஒருமுறையாவது எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பது நல்லது.