அடிமரம் இருந்த காலத்துப் படம்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வரும் நம்மூர்க்காரர்கள், ஹௌரா ஷிப்பூர் தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தைச் சுற்றிவிட்டுத் தவறாமல் கேட்பது: "இதில் அடிமரம் எது சார்?"

இல்லை. அது இருந்த காலத்தில் மரத்தைப் படம் பிடித்தவர்களில் ஒருவர் சாமுவேல் போர்ன். 1863-ல் இந்தியா வந்தவர். அப்போது கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கழுவ வேண்டும். கூடாரம்தான் இருட்டறை. இன்று செல்போனில் நாற்பது படம் எடுத்து ஒன்றையும் திரும்பப் பார்ப்பதில்லை!

1864, 1867 புயல்களில் கிளைகள் முறிந்தன. பிறகு பூஞ்சைநோய் பற்றி அழுகியதால், சுமார் 50 அடிச் சுற்றளவுள்ள அடிமரத்தை 1925-ல் வெட்டி எடுத்தார்கள். மரம் சாயவில்லை. விழுதுகள் அதற்குமுன்பே மண்ணில் வேர்விட்டுத் தாமே நீர் உறிஞ்சின. தலைமை அலுவலகத்தை மூடியபின்பும் கிளைகள் கணக்கை நடத்துகிற கதை. வங்கிக்காரனுக்கு வேறெப்படித் தோன்றும்? ஊர்வீட்டை விற்றுவிட்டு இங்கேயே தங்கிவிட்ட நண்பர் ஒருவர், இதைக் கேட்டு வெகுநேரம் பேசவேயில்லை.

அடையாறு ஆலமரத்தின் அடிமரமும் 1989 புயலில் சாய்ந்தது, விழுதுகள் நிற்கின்றன.

போர்ன் பெயர் தாங்கிய 'போர்ன் அண்ட் ஷெப்பர்ட்' ஸ்டுடியோவில் 1991-ல் தீப்பிடித்துப் பழைய நெகட்டிவ்கள் ஏராளமாக அழிந்தன. 2016-ல் கடையே மூடப்பட்டது. ஷிப்பூர் மரமோ 2020-ல் அம்பன் புயலில் சில விழுதுகளை இழந்தும், மூவாயிரத்துக்கு மேற்பட்ட விழுதுகளோடு இன்னும் பரந்துகொண்டிருக்கிறது.