கடன் அறிக்கைத் திருத்தம்

கடனை அடைத்த பின்னும் கடன் தகவல் அறிக்கையில் பாக்கி இருப்பதாகக் காட்டும் பிழையை நீக்கும் நடைமுறை. இந்தியாவில் இது 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டத்தின்கீழ் வருகிறது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கொரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் பார்ப்பது அவசியம். ஒன்றில் திருந்திய பிழை மற்றொன்றில் அப்படியே கிடக்கலாம்.

மிகுந்த கவனம் வேண்டுவது 'செட்டில்டு' என்ற குறிப்பு. வங்கி ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து கணக்கை முடித்திருந்தால் அது சரியே. முழுத்தொகையும் கட்டியவருக்கோ 'குளோஸ்டு' என்றே இருக்க வேண்டும். இந்த ஒரு சொல்லால் அடுத்த வீட்டுக்கடனே கைநழுவிப் போகக்கூடும். உண்மையிலேயே தாமதமாகக் கட்டிய தவணைகளின் பதிவு பிழையாகாது.

கடன் கொடுத்தவர் உறுதிசெய்யாமல் தகவல் நிறுவனம் எதையும் மாற்றாது. ஆகவே நிலுவையில்லாச் சான்றுடன் இரு தரப்பிடமும் எழுத்தில் முறையிடுவதே பயன் தரும். 30 நாளில் தீராவிட்டால், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ரிசர்வ் வங்கியின் இந்த விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அப்போதும் தீர்வு கிடைக்காதவர்கள் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.