மன்சூரின் டோடோ

டோடோ என்றதும் நம் மனதில் வருவது உருண்டு திரண்ட ஒரு குண்டுப் பறவை. அந்த உருவத்துக்குப் பெரும் பொறுப்பு ரூலான்ட் சாவரி என்ற ஓவியர். 1626 வாக்கில் அவர் வரைந்த படம் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1866-இல் ரிச்சர்ட் ஓவன், மொரீஷியஸில் கிடைத்த எலும்புகளை அந்தப் படத்தின் கோட்டுக்குள்ளேயே பொருத்திப் பார்த்தார். எலும்பை வைத்துப் படத்தைச் சரிபார்ப்பதற்குப் பதில், படத்தை வைத்து எலும்பை! சில வருடங்களில் அவரே நிமிர்ந்த உருவமாகத் திருத்திக்கொண்டார். ஆனால் குண்டு டோடோ ஊரெல்லாம் பரவிவிட்டது.

செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ஒரு முகலாயச் சிற்றோவியம் இருக்கிறது. 1958-இல் இவானோவ் என்பவர் அதைப் பற்றி எழுதினார். நடுவில் பழுப்பு நிற டோடோ, ஒல்லியாக. சுற்றிலும் வேறு பறவைகள். கையெழுத்து இல்லை. ஜஹாங்கீரின் அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் 1625 வாக்கில் வரைந்திருக்கலாம் என்கிறார்கள்.

இதை ஏன் நம்பணும்? எனக்குப் பிடித்த விஷயமே அதுதான். பதில் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கு. டோடோவைச் சுற்றி நிற்பவை வரித்தலை வாத்துகள் (நம்ம கூந்தன்குளத்துக்கு வருமே, அதேதான்), கல்கவுதாரி, இமயமலையின் மேற்கத்திய டிராகோபான், மலேயா பக்கத்துச் சின்னக் கிளி. இவை எல்லாம் இன்றும் உயிரோடு இருப்பதால் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. இனம் கண்டுபிடிக்கும் அளவுக்குத் துல்லியமாக வரைந்திருக்கிறார். தெரிந்த விடைகளில் சரியாக இருக்கும் ஒரு புரோகிராமை, தெரியாத கேள்விக்கும் கொஞ்சம் நம்பலாம் இல்லையா? அப்படித்தான்.

டோடோ எப்படி இந்தியா வந்தது? பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயர் 1628-க்கும் 1634-க்கும் இடையில் சூரத்தில் இரண்டு டோடோக்களைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். ஆகவே கப்பலில் வந்திருக்கும். மலேயா கிளியும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

டச்சுக்காரர்கள் மொரீஷியஸில் இறங்கியது 1598-இல். டோடோவைப் பார்த்ததாகப் பரவலாக ஏற்கப்படும் கடைசிப் பதிவு 1662. வரைந்தவருக்கு அது அழியப்போகும் பறவை என்று தெரிய வாய்ப்பே இல்லை. அவருக்கு அது வினோதமான இன்னொரு பறவை, அவ்வளவுதான். டிராகோபானுக்குக் கொடுத்த அதே கவனத்தைத்தான் அதற்கும் கொடுத்திருக்கிறார்.

அந்த டிராகோபான் இப்போது அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.