முள் வெட்டிப் போடாத இடம்

சிவகங்கைப் பக்கம் 27 வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன் நான். கண்மாயிலோ கிணற்றிலோ தண்டவாளத்திலோ பிணம் கிடந்தால் ஊர்க்காரர்கள் முதலில் ஓடிவருவது எங்களிடம்தான். ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லிவிட்டு நான் செய்கிற முதல் வேலை, தலையாரியை விட்டுச் சீமைக் கருவேல முள்ளை வெட்டிவரச் சொல்வது. உடலைச் சுற்றிப் பதினைந்தடி தள்ளி அந்த முள்ளை வட்டமாகப் போட்டுவிடுவோம். அதற்குள் நானும் கால் வைக்கமாட்டேன். இன்ஸ்பெக்டர் வந்து, கிடந்ததைக் கிடந்தபடி பதிவு செய்யும் பார்வை மகஜரை எழுதும்வரை தலையாரி அரிக்கேன் விளக்கோடு அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

இப்போது மகள் வீட்டில், நியூஜெர்சி மாநிலத்துச் சோமர்செட்டில் இருக்கிறேன். நம் ஆட்கள் நிறையப் பேர் குடியிருக்கும் பகுதி. வந்த புதிதில் ஒருநாள் மகள் சொன்னாள்: “அப்பா, நீங்க தினம் வாக்கிங் போற ரோட்டுப் பக்கத்துலதான் அந்த ரெட்டைக் கொலை நடந்துச்சாம். இன்னைக்கு வரைக்கும் யார்னு தெரியாதாம்.” அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாளே நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ரோடு இன்று பிராங்க்ளின் புல்வார்டு. இரண்டு பக்கமும் வீடுகள், புல்வெளிகள், பள்ளிப் பேருந்துகள். 1922-ல் அதன் பெயர் டி ரஸ்ஸி சந்து. நியூபிரன்ஸ்விக் நகரத்தை ஒட்டி, பண்ணை நிலங்களுக்கு நடுவே போன மண் பாதை. தனிமை தேடும் ஜோடிகள் ஒதுங்கும் இடம் என்று பெயர் வாங்கியிருந்தது. செப்டம்பர் 16, சனிக்கிழமை காலை, அங்கே பிலிப்ஸ் பண்ணை என்ற ஆளில்லாத பண்ணையின் ஓரத்தில், ஒரு காட்டு ஆப்பிள் மரத்தடியில் ஆணும் பெண்ணும் அருகருகே மல்லாந்து கிடந்தார்கள். பாதங்கள் மரத்தைப் பார்த்து இருந்தன. ஆணின் முகத்தை ஒரு தொப்பி மூடியிருந்தது. காலடியில் அவருடைய விசிட்டிங் கார்டு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இருவருக்கும் நடுவே காதல் கடிதங்கள் கிடந்தன. செத்த பிறகு யாரோ நிதானமாக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவர் எட்வர்டு ஹால், நியூபிரன்ஸ்விக்கின் புனித யோவான் ஆலயத்துப் பாதிரியார். மனைவி பிரான்சஸ், ஸ்டீவன்ஸ் என்ற பணக்காரக் குடும்பத்துப் பெண். ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனிக் குடும்பத்துக்கு உறவுமுறை. இறந்த பெண் எலினார் மில்ஸ், அதே ஆலயத்துப் பாடகர் குழுவில் பாடியவர். அவர் கணவர் அதே ஆலயத்தில் கோயில்பிள்ளை வேலை பார்த்தவர். இரண்டு குழந்தைகள். வியாழக்கிழமை ராத்திரி வீட்டைவிட்டுப் போன இருவரும் திரும்பவில்லை. பாதிரியார் தலையில் ஒரு குண்டு. எலினார் மேல் மூன்று குண்டுகள் பாய்ந்திருந்தன, கழுத்தும் அறுக்கப்பட்டிருந்தது.

முதலில் வந்தது நியூபிரன்ஸ்விக் நகரப் போலீஸ். நியூபிரன்ஸ்விக் இருப்பது மிடில்செக்ஸ் கவுண்டியில். உடல்கள் கிடந்ததோ எல்லை தாண்டி, சோமர்செட் கவுண்டியில். இதைப் படித்த இடத்தில் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். இது யார் எல்லை என்ற கேள்வி ஒரு சாவை என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும்.

என் சர்வீஸின் நாலாவது வருஷம், இரண்டு கிராமங்களின் எல்லையில் இருந்த ஒரு மடையடியில் ஓர் இளம்பெண்ணின் உடல் கிடந்தது. புலப்படத்தை விரித்து எல்லைக்கல்லைத் தேடினால் கல்லைக் காணோம். இரண்டு ஸ்டேஷன்காரர்களும் கரையில் நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். முள் போடச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, எது என் கிராமம் என்று எனக்கே தெரியாதபோது எப்படிச் சொல்வேன் என்று ஒதுங்கி நின்றேன். மதியத்துக்குள் பக்கத்து ஊர்ச் சனமெல்லாம் வந்து பார்த்துவிட்டது. ஈர மண்ணில் இருந்த கால் தடங்கள் மேல் நூறு கால் தடம். அவள் கழுத்தில் கிடந்த கயிற்றை யாரோ இரக்கப்பட்டு அவிழ்த்துத் தூர எறிந்துவிட்டார்கள். மாலையில் எழுதிய மகஜரில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அந்த வழக்கில் யாரும் பிடிபடவில்லை. அன்றிலிருந்துதான் எல்லை யாருடையது என்று கேட்காமல் முதலில் முள்ளை வெட்டப் பழகினேன்.

டி ரஸ்ஸி சந்தில் நடந்ததும் அதுதான், நூறு மடங்கு பெரிதாக. போலீசோடு வந்துவிட்ட பத்திரிகை நிருபர் ஒருவர் அந்தக் கார்டைக் குனிந்து எடுத்தார். அது அங்கே நின்றவர்கள் கையில் மாறி மாறிப் போயிற்று. செய்தி பரவியதும் சனம் திரண்டது. அடுத்த நாட்களில் காரில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பாப்கார்ன், வேர்க்கடலை, பலூன் விற்றார்கள். வந்தவர்கள் ஞாபகத்துக்கு என்று அந்த மரத்தின் பட்டையை உரித்தார்கள், கிளையை ஒடித்தார்கள். கடைசியில் மரமே இல்லாமல் போயிற்று. பண்ணை வீட்டையும் பிய்த்தெடுத்தார்கள்.

உடல்களையாவது சரியாகப் பார்த்தார்களா? முழுமையான பிரேதப் பரிசோதனை செய்யாமலே புதைத்து, சில வாரங்களில் தோண்டியெடுத்தார்கள். எலினாரின் நாக்கு அறுத்தெடுக்கப்பட்டிருந்தது என்பது 1926-ல், நாலு வருஷம் கழித்து மறுபடி சோதித்தபோதுதான் வெளியே வந்தது. பாடுவதற்காகவே ஊரில் அறியப்பட்டிருந்த ஒரு பெண்ணின் நாக்கு. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

கொலை நடந்தபோது எலினாரின் மகள் சார்லட்டுக்கு வயது 16. அந்தப் பெண் கவர்னருக்கு நேராகவே கடிதம் எழுதினாள், தனக்கென்று ஒரு பெண் வக்கீலைத் தேடிக்கொண்டாள். போலீசுக்கு வெளியே இந்த வழக்கை ஆராய்ந்த முதல் ஆள் என்று நான் அவளைத்தான் சொல்வேன். ஆனாலும் 1922 நவம்பரில் கூடிய பெரும் ஜூரி யார் மேலும் குற்றம் சாட்டவில்லை.

1926-ல் நியூயார்க் டெய்லி மிரர் பத்திரிகை வழக்கைத் திரும்பக் கிளப்பியது. பாதிரியாரின் மனைவியும் அவருடைய சகோதரர்கள் வில்லி, ஹென்றி இருவரும் சோமர்வில் கோர்ட்டில் நிறுத்தப்பட்டார்கள். நவம்பர் 3 முதல் ஒரு மாதம் விசாரணை. முதல் 24 நாளில் மட்டும் தந்தி வழியே ஒரு கோடியே 20 லட்சம் சொற்கள் போயினவாம்.

அரசுத் தரப்பின் பெரிய சாட்சி ஜேன் கிப்சன். பன்றி வளர்த்ததால் பத்திரிகைகள் ‘பன்றிக்காரி’ என்றே எழுதின. அன்று ராத்திரி சோளம் திருட வந்தவனைத் துரத்திக் கோவேறு கழுதையில் போனதாகவும், அந்த மரத்தடியில் ஆட்களைப் பார்த்ததாகவும் சொன்னவர். நோயில் கிடந்த அவரை ஆஸ்பத்திரிக் கட்டிலோடு கோர்ட்டுக்குத் தூக்கிவந்தார்கள். அவர் படுத்தபடி சாட்சி சொல்ல, முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பெற்ற தாயே அவரைப் பொய்க்காரி என்றாள். வில்லியின் கைரேகை அந்தக் கார்டில் இருந்ததாக அரசுத் தரப்பு சொன்னது. மரத்தடியில் கிடந்து, அத்தனை பேர் கை பட்டு, நாலு வருஷம் அலைந்த கார்டு. அதை நம்பி ஒருவரை மரண தண்டனைக்கு அனுப்ப எந்த ஜூரிக்கு மனம் வரும்? டிசம்பர் 3-ஆம் தேதி மூவருக்கும் விடுதலை.

அதற்குப் பிறகு இதை எடுத்துப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். 1964-ல் வில்லியம் குன்ஸ்ட்லர் என்ற வக்கீல் ஒரு புத்தகமே எழுதி, கொன்றது கூ கிளக்ஸ் கிளான் ஆட்களாக இருக்கலாம் என்றார். ஒழுக்கத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு ஆட்களை அடித்த கூட்டம் அது, அந்தக் காலத்தில் நியூஜெர்சியிலும் இருந்தது. அவர் கெட்டிக்காரர். ஆனால் அந்த ஊகத்துக்கு என் மனம் ஒப்பவில்லை. காலடியில் கார்டு வைத்தவனுக்கு இந்த இருவர்மேல் சொந்தமான கோபம் ஒன்று இருந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. படுகிறது என்பதற்கு மேல் நான் போகமாட்டேன். அதை எந்த மகஜரிலும் எழுதமுடியாது.

நூலகத்தில் எனக்கு ஒரு துணை கிடைத்தது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, என்னைவிட மூத்தவர். பல வருஷமாக ஒரே வேலை செய்கிறார். 1922-ல் ஒரு சாட்சி பத்திரிகையில் சொன்னதை ஒரு பத்தியில், அதே ஆள் 1926-ல் கோர்ட்டில் சொன்னதைப் பக்கத்துப் பத்தியில், பென்சிலால் எழுதுகிறார். நேரம் மாறியிருந்தால் சிவப்பு, இடம் மாறியிருந்தால் நீலம். ஜேன் கிப்சனின் பக்கங்களில் வெள்ளையைவிடச் சிவப்பும் நீலமும்தான் அதிகம். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்திருக்கிறது. யார் கொன்றதாக நினைக்கிறீர்கள் என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். அந்தக் கேள்வியைத் தான் விட்டுப் பல காலம் ஆயிற்று, யார் எதை எப்போது சொன்னார்கள் என்பது போதும் என்றார். அந்தப் பதிலில் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. கொலையாளியைப் பிடித்துவிட்டேன் என்று வருகிறவர்கள், அந்த மரத்தின் பட்டையை உரித்தவர்களைப் போல ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இவர் ஒன்றையும் எடுக்கவில்லை. கிடந்ததைக் கிடந்த இடத்தில் திரும்ப வைக்கிறார்.

என் வேலையைப் பற்றி அவருக்குச் சொன்னேன். முள் வட்டத்தைப் பற்றிச் சொன்னதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பார்வை மகஜர் என்றால் என்ன, மாதிரி வரைபடம் எப்படிப் போடுவது என்று விசாரித்தார். பிறகு, இந்த இடத்துக்கும் ஒன்று எழுதித் தரமுடியுமா என்றார்.

இந்தக் குளிர்காலம் முழுக்க அதைத்தான் எழுதுகிறேன். பழைய வரைபடத்தை இன்றைய ரோட்டின் மேல் வைத்து, டி ரஸ்ஸி சந்தையும் பண்ணையையும் கவுண்டி எல்லையையும் வரைந்தேன். வடக்கு எது என்று அம்புக்குறி போட்டேன். மரம் நின்ற இடத்தில் சின்ன வட்டம். அடுத்த தாளில் அங்கே கிடந்த பொருட்களின் பட்டியல்: தொப்பி, கடிதங்கள், எலினாரின் கழுத்தில் கிடந்த துணி, கார்டு. எதிரே மூன்று கட்டங்கள். எங்கே கிடந்தது, யார் பார்த்தது, யார் யார் தொட்டது.

தமிழில்தான் எழுதுகிறேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷில் மாற்றி டைப் அடிக்கிறாள். நேற்று ராத்திரி அவள் நிறுத்திவிட்டு, “அப்பா, இந்தக் கடைசிக் கட்டம் நீளமாப் போகுதே” என்றாள். கார்டுக்கு நேரே, தொட்டவர்களை எழுத இடம் போதவில்லை. பக்கத்தில் இன்னொரு தாளை வைத்து ஒட்டியிருக்கிறேன்.